எண்ணாதே, பேரைச் சொல்லு

(கால்நடை கேள்வி-பதில்)

போன இதழில் நாட்டு மாடு பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "பதினோரு வயதில் பர்கூர் மலை மாட்டுப்பட்டியில் இருந்தவன் நான்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். மடிநோய்க்கும் உண்ணிக்கும் வைத்தியம் கேட்டு வந்த கடிதங்களைவிட அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் அதிகம். மடிநோய்க்காரர்கள் மன்னிக்கணும், உங்களுக்கு அடுத்த இதழில். இந்த முறை பட்டி மட்டும்தான்.

கேள்வி: ஆட்டுப்பட்டி பார்த்திருக்கிறேன். மலையில் மாட்டுக்குப் பட்டி எப்படிப் போடுவார்கள்? அந்தியூர்க்காரரான நீங்கள் அங்கே போனது எப்படி?
*- வாசகி, ஈரோடு*

நானாகப் போகவில்லை, அனுப்பி வைத்தார்கள். அப்பா அந்தியூர்ச் சந்தையில் மாட்டுத் தரகர். 1967-ல் காலமானார். மறு வருஷம் சித்திரையில் எங்கள் கிணறு அடிப்பாறை தெரிய வற்றிப்போனது. வீட்டில் நாலு உருப்படி. தீனி வாங்கக் காசில்லை, விற்க அம்மாவுக்கு மனசில்லை. அப்பாவிடம் வருஷா வருஷம் கன்று கொண்டுவந்து விற்கிற மலைக்காரர் ஒருவர் துக்கம் விசாரிக்க வந்தார். கட்டுத்தரையைப் பார்த்துவிட்டு, "மாட்டை என் பட்டியில விடுங்கம்மா, மழை வந்ததும் ஓட்டிக்கலாம்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். "பையனும் வரட்டும். அங்க களிக்குப் பஞ்சமில்ல." அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய் என்னுடைய இரண்டு சட்டையையும் மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். மழை வந்ததும் என்றது, இரண்டு வருஷமும் இரண்டு மாதமும் ஆனது.

பர்கூர் மலை இன்று ஈரோடு மாவட்டம். அன்று கோயமுத்தூர் ஜில்லா, பவானி தாலுகா. நான் போய்ச் சேர்ந்தது லிங்காயத்துக் குடும்பம். வீட்டில் கன்னடம், கழுத்தில் லிங்கம், அடுப்பில் சைவம். அவர்களுக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது மாட்டுப் பேச்சு ஒன்றுதான். முதல் மாதம் அதுவே போதுமானதாக இருந்தது.

பட்டி, தட்டக்கரைக்குக் கீழே ஒரு பள்ளத்தின் ஓரம். பள்ளம் என்றால் எங்கள் பக்கம் ஓடை. இடம் பார்ப்பதுதான் முதல் வேலை. லேசான சரிவு வேண்டும். மழைத் தண்ணீர் தேங்கினால் குளம்பு அழுகிவிடும். தண்ணீர் கூப்பிடு தூரத்தில் வேண்டும், ஆனால் யானைத் தடத்தில் இருக்கக்கூடாது. வட்டமாகக் கம்பு நட்டு, மேலே முள்ளை அடைத்து ஆள் உயரத்துக்கு வேலி. உள்ளே ஒரு மூலையில் கன்றுகளுக்குத் தனி அடைப்பு. வட்டத்துக்கு ஏது மூலை என்று கேட்காதீர்கள், அங்கே எல்லோரும் மூலை என்றுதான் சொல்வார்கள். வாசலில் குறுக்கே இழுத்துவிடுகிற மாதிரி நாலு மரம். வாசலை ஒட்டிப் புல் வேய்ந்த சாளை. சாளைக்குள் முழங்கால் உயரத்தில் மூங்கில் பரண், அதுதான் படுக்கை. பக்கத்திலேயே விடிய விடியத் தீ.

செருப்புக் காலோடு பட்டிக்குள் போகக்கூடாது என்றார்கள். எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை, செருப்பே கிடையாது.

முதல் நாள் பொழுது சாய மாடுகள் வாசலுக்குள் வந்தன. நான் வாசல் மரத்தின்மேல் உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். ஐந்தாம் வகுப்பு முடித்த பெருமை. எழுபதைத் தாண்டியிருப்பேன், பின்மண்டையில் ஒரு தட்டு விழுந்தது. "எண்ணாதே. எண்ணினா குறையும். பேரைச் சொல்லு." அப்போதுதான் கவனித்தேன், பட்டிக்காரர் வாசலோரம் நின்று மந்திரம் போல எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மாடு உள்ளே வர வர அதன் பேர். அத்தனைக்கும் பேர்.

பர்கூர் மாட்டைச் செம்மறை என்போம். செந்தோலில் வெள்ளைத் திட்டு. எல்லாம் ஒரே ஜாடை என்றுதான் புதிதாய்ப் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். கொம்பின் வளைவு, திட்டு விழுந்த இடம், நடை, தாய் யார் என்பதை வைத்துத்தான் பேர். கெம்பி, கௌரி, சந்திரி. நெற்றியில் வெள்ளைக் கோடு விழுந்த ஒரு கிடாரிக்கு நான் 'நாமம்' என்று பேர் வைத்தேன். பட்டிக்காரரின் அம்மா, நாங்கள் அஜ்ஜி என்போம், கையிலிருந்த மத்தை ஓங்கிவிட்டாள். "அது விபூதி!" கோடு நெடுக்காகத்தான் இருந்தது. விபூதி என்றே பேர் நின்றது.

மூன்று மாதத்தில் எனக்கும் வந்துவிட்டது. எண்ணுகிறவனுக்கு இரண்டு குறைகிறது என்று தெரியும். பேர் சொல்கிறவனுக்கு யார் யாரைக் காணோம் என்று தெரியும். கௌரியைக் காணோமென்றால் பள்ளத்து மேட்டில் தேடவேண்டும், அவளுக்கு அங்கே ஒரு பழக்கம். அதுதான் விஷயம்.

கேள்வி: அத்தனை மாடு வைத்துக்கொண்டு பால் வியாபாரம் செய்யத் தெரியவில்லையே? மலைக்காரர்களுக்கு விவரம் போதாதோ?
*- வாசகர், தாராபுரம்*

விவரம் போதாதது யாருக்கு என்று பார்ப்போம். பர்கூர்ப் பசு ஒரு ஈத்துக்குத் தருகிற பால் சராசரியாக 350 கிலோ. உங்கள் தொழுவத்துக் கலப்பினப் பசு அதை ஒரு மாதத்தில் கறந்துவிடும். அந்த 350-லும் கன்றுக்கு விட்டது போகத்தான் கறவை. எங்கள் பட்டியில் இரண்டு காம்பு மனுஷனுக்கு, இரண்டு காம்பு கன்றுக்கு. கன்று காளையாக இருந்தால் அதற்கு மூன்று. அப்படியே கறந்தாலும் அந்தப் பாலை யார் வாங்குவது? கறந்த பால் மலையிறங்கி அந்தியூர் போய்ச் சேருமுன் திரிந்துவிடும்.

பட்டியின் வரும்படி இரண்டு. ஒன்று சாணி, இன்னொன்று காளைக்கன்று.

சாணியைச் சிரிப்பாக நினைக்காதீர்கள். வருஷம் முழுக்க மாடு படுத்த இடத்தில் கூட்டிக் குவித்த எரு, கோடையில் காய்ந்து தூளாகக் கிடக்கும். காட்டில் நூறு விதச் செடி தின்ற மாட்டின் எரு என்று அதற்கு ஒரு கிராக்கி. மஞ்சள் போடுகிறவர்கள், வாழை போடுகிறவர்கள் கீழேயிருந்து ஆளனுப்பி விலை பேசிவிட்டுப் போவார்கள். மூங்கில் ஏற்ற வரும் லாரிகளில் காலியாக வருவது ஏதாவது மாட்டினால் அதில் ஏறும், இல்லாவிட்டால் வண்டி. ராகி அறுப்பு முடிந்ததும் ஊருக்குப் பக்கத்திலேயே, சொந்தக் காட்டில் மாட்டைக் கொண்டுவந்து மடக்குவார்கள். அது அடுத்த வருஷ ராகிக்கு. கரும்பலகையில் எழுதிப் போட்டாற்போலக் கணக்கு சுத்தம்.

காளைக்கன்றுக்கு ஆடி மாதம். அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு வருவோம். செம்மறைக் காளை வேகத்துக்கும் தாக்குப்பிடிப்புக்கும் பேர் போனது. வண்டியில் பூட்டினால் நடை என்பதே தெரியாது, ஓட்டம்தான். ஆனால் முரடு, பழக்குவதற்குள் பழக்குகிறவன் பழகிவிடுவான். காங்கேயம் போல இழுவைக்கு அது ஆகாது, அதனிடம் அதை எதிர்பார்க்கவும் கூடாது.

1969 ஆடிச் சந்தையை மறக்க முடியாது. சந்தையில் விலை வாயால் பேசுவதில்லை. துண்டைப் போட்டு, அதற்குள் கையை விட்டு விரலைப் பிடிப்பது. எத்தனை விரல், எந்தக் கணு என்பது விலை. தரகர் ஒரு கையால் வாங்குகிறவர் விரலைப் பிடிப்பார், அப்புறம் விற்கிறவர் விரலை. இரண்டு துண்டுக்குள்ளும் ஒரே விரல்தானா என்பது தரகருக்கும் தெய்வத்துக்கும் மட்டும் தெரியும். அப்பா இருந்தவரை பட்டிக்காரர் கவலைப்படவில்லை. அந்த வருஷம் வேறொரு தரகர். வாங்கினவர் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்த நோட்டுகளை நான் பார்த்தேன். பட்டிக்காரர் கையில் விழுந்ததையும் பார்த்தேன். தரகர் கூலி போகவும் இடித்தது. சாளைக்குத் திரும்பும் வழியில் மெதுவாகச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசாமல் நடந்துவிட்டு, "பணத்தை எண்ணலாம்" என்றார். மறு வருஷத்திலிருந்து சந்தைக்கு நான்தான் கணக்குப்பிள்ளை.

கேள்வி: இங்கிலீஷ் படங்களில் வரும் கௌபாய் மாதிரி குதிரை, கயிறு வீச்சு எல்லாம் உண்டா?
*- கல்லூரி மாணவர், சேலம்*

குதிரையை நான் பார்த்தது அந்தியூர்ச் சந்தையில், விலைக்கு. எங்களுக்குக் கையில் ஒரு தடி, மடியில் ஒரு பிடி உப்பு. மாடு வராவிட்டால் பாறையில் உப்பைத் தேய்த்துவிட்டுக் குரல் கொடுத்தால் போதும், வந்துவிடும். கயிறு வீசினால் கயிறும் போகும், நீங்களும் போவீர்கள். என் வலது உள்ளங்கையில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது, ஒரு காளைக்கன்று கயிற்றோடு இழுத்துக்கொண்டு போனதில் வந்தது.

அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 1862-ல் சட்டம் போட்டு, குடியேறிப் பயிர் செய்கிற குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தார்கள். அவன் பண்ணைக்காரன் ஆனான். இங்கே 1882-ல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. காடு அரசாங்கத்தின் கணக்கில் ஏறியது, மேய்க்கச் சீட்டு வாங்கவேண்டும் என்றானது. மாடு மட்டும் பட்டிக்காரருடையது, மாடு தின்கிற புல் அவருடையதல்ல. படத்தில் இந்தப் பகுதி வராது.

கேள்வி: நீங்கள் சொல்வதில் ஆண்கள் மட்டுமே வருகிறார்கள். பெண்கள் எங்கே இருந்தார்கள்?
*- ஓய்வுபெற்ற ஆசிரியை, கோவை*

அம்மா, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். பட்டியில் பட்டிக்காரர், அவர் தம்பி, நான். இரண்டு மணி நேர நடையில் ஊரில் வீடு. அங்கே பட்டிக்காரரின் மனைவி, நான் அவ்வா என்று கூப்பிடுவேன், மூன்று பிள்ளைகள், ராகிக் காடு. ஆடியிலிருந்து மார்கழி வரைக்கும் பயிர் நிற்கிற காலம், மாடு ஊருக்குள் வரக்கூடாது. ஆண்கள் பட்டியோடு காட்டில். அப்படியென்றால் களை எடுப்பது, பன்றியும் யானையும் வராமல் ராத்திரி பரணில் ஏறிக் காவல் காப்பது, அறுப்பது, அடிப்பது, மூன்று பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பார்ப்பது எல்லாம் யார் தலையில்? வாரம் ஒரு தடவை ராகி மாவும் உப்பும் சுமந்துகொண்டு பட்டிக்கு வருவதும் அவ்வாதான். திரும்பும்போது வெறுங்கையோடு போகமாட்டாள், நெய் டப்பா.

நெய் அஜ்ஜியின் இலாகா. மழைக்காலத்தில் பால் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்போது அஜ்ஜி பட்டிக்கே வந்துவிடுவாள். நாலு நாள் தயிரைச் சேர்த்துக் கடைவாள். நட்ட கம்பில் மத்தைக் கட்டி, கயிற்றை இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுக்கிற சத்தம் விடியலுக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடும். வெண்ணெயை உருக்கும்போது என்னைக் கருவேப்பிலை பறித்துவரச் சொல்வாள். காட்டில் அது தானாக முளைத்துக் கிடக்கும். ஒரு கொத்தைச் சட்டியில் போடுவாள், பொரியும். காதைச் சட்டிக்குப் பக்கத்தில் சாய்த்துக்கொள்வாள். அவளுக்குப் பார்வை மங்கல். பொரிகிற சத்தம் அடங்கினால் தண்ணீர் பூராவும் போய்விட்டது என்று அர்த்தம், அந்த நொடியில் இறக்கவேண்டும். அதற்கு மேலே போனால் கருகல். நான் பார்த்தவரை ஒரு தடவைகூடத் தவறவில்லை. அடியில் நின்ற கசண்டில் களி உருண்டையைப் புரட்டி என் கையில் வைப்பாள். கீழே ஊரெல்லாம் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று பேச்சாக இருந்த காலம் அது. அந்தக் களியைத் தின்றவன் அரிசியைக் கேட்கமாட்டான்.

முதல் டப்பா நெய் மாதேஸ்வரனுக்கு. தீபாவளி சமயம் மாதேஸ்வரன் மலைக்கு நடந்தே போவார்கள். அந்த மலை இருக்கிற கொள்ளேகால் தாலுகா 1956 நவம்பர் வரை எங்கள் கோயமுத்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. மாநிலம் பிரித்தபோது மைசூர்ப் பக்கம் போய்விட்டது. "சாமி மைசூருக்குப் போயிட்டாரு, நாம கோயமுத்தூர்ல நின்னுட்டோம்" என்பார் பட்டிக்காரர். நடக்கிற தூரம் மாறவில்லை, நடுவில் ஒரு செக்போஸ்ட்.

ஆசிரியை அம்மாவுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். பட்டிக்காரர் ஒரு தடவை ஒன்றரை மாதம் கழித்து வீட்டுக்குப் போனார், நானும் கூடப் போனேன். கடைக்குட்டிக்கு ஒன்றரை வயது. அப்பனைப் பார்த்ததும் அலறிக்கொண்டு அவ்வாவின் சேலைக்குள் புகுந்துகொண்டது. அவர் கையை நீட்டியபடி நின்றார். அவ்வா சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நூறு மாட்டுக்குப் பேர் தெரியும். பெத்த பிள்ளைக்கு எத்தனை பல்லு முளைச்சிருக்குன்னு கேளு, தெரியாது." பட்டி வாழ்க்கையைப் பற்றி யாராவது உருகிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வரும்.

கேள்வி: புலியும் சிறுத்தையும் உலாவும் காட்டில் ராத்திரி தூக்கம் வருமா?
*- வாசகர், சத்தியமங்கலம்*

வரும், களைப்பு அப்படி. மாட்டுக் கழுத்தில் மரத்தில் குடைந்த மணி கட்டியிருப்போம். படுத்து அசைபோடும்போது தாடை அசைகிற அசைவுக்கு மணி 'லொடக்... லொடக்' என்று மெல்ல இடிக்கும். ஒவ்வொரு கழுத்தும் ஒவ்வொரு கதி. அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகிவிட்டால் அது நின்றால்தான் விழிப்பு வரும்.

1969 கார்த்திகை. மழை விட்டிருந்த ராத்திரி. சட்டென்று கண் விழித்தேன். ஒரு மணி சத்தமும் இல்லை. படுத்திருந்த மாடு அத்தனையும் எழுந்து நிற்கிறது. தலையெல்லாம் பள்ளத்துப் பக்கம். மூச்சுச் சத்தம் மட்டும், பெரிய துருத்தி ஊதுகிற மாதிரி. பட்டிக்காரர் எனக்கு முன்னால் எழுந்து தீயில் கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தார். தம்பி தகர டப்பாவையும் குச்சியையும் எடுத்தார். "யாரு?" என்றேன். "அது" என்றார். ராத்திரியில் பேரைச் சொல்லமாட்டார்கள். மாட்டுக்குப் பேர் சொல்லு என்கிற அதே ஆட்கள்தான்.

டப்பாவை அடித்தோம், கத்தினோம், கொள்ளிக்கட்டையைச் சுற்றினோம். பிறகு மணிகள் ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பித்தன. விடிந்ததும் பார்த்தால் கன்று அடைப்பில் முள் ஓரிடத்தில் விலகியிருந்தது. சந்திரியின் கன்று இல்லை. பிறந்து இருபது நாள். வெளியே சாணிச்சேற்றில் தடம். நான் கையை வைத்துப் பார்த்தேன், என் உள்ளங்கை அளவு. சிறுத்தை.

மாதேஸ்வரனுக்குப் புலிதான் வாகனம். சிறுத்தையும் அந்த வகையறாதான் என்பது பட்டிக்காரர் கணக்கு. "சாமியோட வாகனம். பசிச்சா எங்க போகும்?" என்று முள்ளைச் சரிசெய்ய உட்கார்ந்துவிட்டார். அஜ்ஜிக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. "சாமி வேற வாகனம் பாத்துக்கட்டும். அந்தியூர்ச் சந்தையில குதிரை விக்கிறான்" என்றாள். சந்திரி நாலு நாள் மடி கட்டிக்கொண்டு அந்த அடைப்பையே சுற்றிக் கத்தினாள். அஜ்ஜிதான் கிட்டே போய்ப் பீய்ச்சி விட்டாள். அந்தப் பாலைத் தயிருக்கு ஊற்றவில்லை.

கேள்வி: வைத்தியர் இல்லாத இடத்தில் நோய் வந்தால் என்ன செய்தார்கள்?
*- வாசகர், பெருந்துறை*

சில்லறை நோய்க்குப் பச்சிலை. சப்பை நோய்க்குச் சூடு போடுவார்கள், அது வீண். கோமாரிக்கு மாட்டை ஓடைச் சேற்றில் நிறுத்துவார்கள். பயந்தது வெக்கைக்கு, இங்கிலீஷில் ரிண்டர்பெஸ்ட். கண்ணில் நீர் வடியும், வாயெல்லாம் புண், அப்புறம் நாற்றமெடுத்த கழிச்சல். ஒரு பட்டியில் நுழைந்தால் வாரத்தில் பாதி காலி. வெக்கை வந்த பட்டியின் ஆள் எதிரே வந்தால் பாதையைவிட்டு விலகி நடப்பார்கள். முகத்தில் அடித்த மாதிரி இருக்கும், ஆனால் வைத்திய சாஸ்திரப்படி முழுக்கச் சரி.

நான் 1970 ஆனியில் கீழே வந்து மறுபடி பள்ளிக்கூடம் சேர்ந்தேன். கோவையிலிருந்து பெரியார் மாவட்டம் (இன்றைய ஈரோடு) பிரிந்த 1979-ல் கால்நடைப் பராமரிப்பு வேலையில் சேர்ந்தேன். சேர்ந்த கொஞ்ச நாளில் ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வெக்கைத் தடுப்பூசி மருந்தோடு மலைக்கு அனுப்பினார்கள். எந்தப் பட்டி என்று கேட்க வேண்டியதில்லை, நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

செம்மறை அந்நியன் கைக்கு நிற்காது. வாசலை ஒரு மாடு நுழைகிற சந்தாக ஒடுக்கினோம். பட்டிக்காரர் கொம்பைத் தொட்டபடி காதில் பேரைச் சொல்வார், அது நிற்கிற இரண்டு நொடியில் நான் ஊசியை இறக்கிவிடவேண்டும். என் கையில் இருந்த பதிவேட்டில் 'மொத்த மாடுகள்' என்று ஒரு கட்டம். எத்தனைங்க என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. சட்டையின் வலது பையில் புளியங்கொட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். ஒரு மாட்டுக்கு ஒரு கொட்டை, இடது பைக்கு. கடைசி மாடு போனதும் அவர் என் இடது பையைப் பார்த்தார். மண்டையில் தட்டவில்லை. "தரகர் மகனே, பையில ஓட்டை இருக்கப்போகுது, பாத்துக்கோ" என்றார்.

இந்தியாவில் வெக்கை கடைசியாக வந்தது 1995-ல். 2011-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்தபடி மனிதன் பூண்டோடு ஒழித்த இரண்டாவது நோய் அதுதான். அந்தப் புளியங்கொட்டைகளுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று பேரன்களிடம் பீற்றிக்கொள்வதுண்டு.

கேள்வி: இன்றைக்கும் அப்படிப் பட்டி போட முடியுமா?
*- வாசகர், பவானி*

கஷ்டம். வீரப்பன் தேடுதல் காலத்தில் காட்டுக்குள் தங்குவதே வில்லங்கமாக இருந்தது. பிறகு உண்ணிச்செடி என்கிற களைப்புதர் புல்லை மூடிவிட்டது. 2022-ல் உயர் நீதிமன்றம் காட்டில் மேய்ச்சலுக்குத் தடை என்றது. அதே மாதத்தில் அதைச் சரணாலயம், புலிகள் காப்பகம், தேசியப் பூங்கா என்று குறுக்கியது. அப்பாடா என்றிருந்தபோது 2024 ஜனவரியில் அந்தியூர், பர்கூர்க் காடுகள் சுமார் 80,000 ஹெக்டேர் தந்தை பெரியார் வன உயிரினச் சரணாலயம் ஆகிவிட்டது. 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையை ஒத்துக்கொள்கிறதே என்று மலைக்காரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. துருசனாம்பாளையத்தில் பர்கூர் மாட்டுக்கென்று கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நல்ல வேலை செய்கிறார்கள். ஆனால் கொட்டகையில் நிற்கிற செம்மறையைப் பார்த்தால் எனக்கு, வேட்டி கட்டின ஆளைக் கோட்டு சூட்டில் பார்ப்பது போலத்தான் இருக்கிறது. வயதான கண், விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒரு பர்கூர்ப் பசு வாங்கித் தோட்டத்தில் கட்ட ஆசை. என்ன வயதில் வாங்கலாம்?
*- வாசகி, கோபிசெட்டிபாளையம்*

பல் போட்ட பசுவைத் தனியாக வாங்காதீர்கள். கிடாரிக்கன்றாக, முடிந்தால் இரண்டாக வாங்குங்கள். வளர்ந்த பசுதான் வேண்டுமென்றால் கன்றோடு வாங்குங்கள். கட்டியே போடாதீர்கள், தினம் அவிழ்த்து மேய விடுங்கள். தீவனம் வைப்பது ஒரே ஆளாக இருக்கட்டும், முதல் மூன்று மாதம் சேலை நிறம்கூட மாற்றாதீர்கள் என்பேன்.

கன்றோடு வாங்குங்கள் என்று சொல்வதற்குக் காரணம் கெம்பி. 1970 தை மாதம், பிள்ளை ஒன்றுக்கு உடம்பு சரியில்லாமல் அவசரமாகப் பணம் வேண்டியிருந்தது. பவானிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவருக்குக் கெம்பியை விற்றார் பட்டிக்காரர். பால் மறக்கிற பருவத்தில் இருந்த கன்று பட்டியிலேயே நின்றுவிட்டது. பதினோராம் நாள் பொழுது சாய, மாடுகள் வாசலுக்குள் வந்துகொண்டிருந்தன. அவர் வழக்கம்போல முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சந்திரி, விபூதி, கௌரி, கெம்பி... அடுத்த பேரையும் சொல்லிவிட்டார். அப்புறம்தான் நாக்கு நின்றது. திரும்பிப் பார்த்தோம். கௌரிக்குப் பின்னால், எப்போதும் வருகிற அதே இடத்தில், அறுந்த கயிற்றை இழுத்துக்கொண்டு கெம்பி போய்க்கொண்டிருந்தாள். முன்னங்கால் குளம்பு பிளந்திருந்தது.

மூன்றாம் நாள் தோட்டக்காரர் புதுக் கயிற்றோடு வந்தார். கோபமாக வந்தவர் குளம்பைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திண்ணைக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். பட்டிக்காரர் வாங்கின பணத்தில் பாதி செலவாகியிருந்தது, திருப்பித் தர வழியில்லை. கன்றையும் அவிழ்த்துச் சேர்த்து ஓட்டிவிட்டார், அதற்கு விலை வாங்கவில்லை. அஜ்ஜி குளம்புக்கு வேப்பெண்ணெய் போட்டுத் துணி சுற்றிக் கட்டினாள்.

அதற்கப்புறம் கெம்பி வரவில்லை. நான் அங்கே இருந்த மிச்ச மாதங்களில், சாயங்காலம் வாசலில் கௌரி நுழைந்ததும் அவர் ஒரு மாடு போகிற நேரத்துக்கு நிறுத்திவிட்டுத்தான் அடுத்த பேரைச் சொல்வார்.